ஏகாதசிக் கோதுமையும் மூட்டு வலியும்

பௌர்ணமிதோறும் திருப்பரங்குன்றத்து மலையை வலம் வருவதைப் பல்லாண்டுகளாக வழக்கமாகக் கொண்டிருந்தார் கப்பலூரைச் சேர்ந்த ஓர் அம்மையார். அவருடைய பெயர் இங்குத் தேவையில்லை. அவரைப் போன்றோர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றனர். கணவர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒரே மகள் திருமணமாகி டெல்லிக்கு அருகில் வசிக்கிறார். முருகனுக்குச் சஷ்டியும் கார்த்திகையும், பெருமாளுக்கு மாதம் இரண்டு ஏகாதசியும் என்று விரதங்களில் குறை வைக்காதவர் அந்த அம்மையார்.

அறுபத்து மூன்றாம் வயதில் அவருக்கு உடம்பு ஒத்துழைக்க மறுத்தது. முதலில் முழங்கால் வலித்தது. பிறகு மணிக்கட்டு, அதன்பின் தொடையும் இடுப்பும். இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்; எழுந்து நின்று காலைத் தரையில் ஊன்றினால்தான் விடும். எல்லாவற்றையும்விட அவரை வருத்தியது வேறொன்று. திருப்பரங்குன்றத்துச் சந்நிதி மலையைக் குடைந்து அமைந்தது. முன் மண்டபத்திலிருந்து படிகள் ஏறியே முருகனைக் காண வேண்டும். அந்தப் படிகளில் கால் தூக்கி வைக்க அவரால் முடியவில்லை. கோயிலில் தரையில் அமர்ந்தால், எழுந்திருக்க இருவர் கைகொடுக்க வேண்டியதாயிற்று. மலைவலம் நின்றது. சில மாதங்களில் படியேறுவதும் நின்றது. கொடிமரத்தருகே நின்று கைகூப்பிவிட்டுத் திரும்புவார்.

“வயசாச்சுன்னா இப்படித்தான்” என்று அக்கம்பக்கத்தார் கூறினர். தைலம் தேய்த்தார், ஒத்தடம் கொடுத்தார், மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கி விழுங்கினார். இரத்தசோகை இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரையும் ஈராண்டுகளாக உட்கொண்டு வந்தார். ஆயினும் இரத்த அளவு ஏறவே இல்லை. வயிற்றில் அவ்வப்போது உப்புசம் உண்டு. அதை வாயு என்று ஒதுக்கிவிட்டார்.

அவருக்குச் சர்க்கரை நோயும் இருந்தது. ஆகவே இரவு உணவு சப்பாத்தி. ஏகாதசியன்று அரிசியை விலக்க வேண்டும் என்பதால் கோதுமை ரவை உப்புமா. கால் வீக்கத்துக்கு நல்லதென்று யாரோ சொல்ல, காலையில் பார்லிக் கஞ்சி. மாலையில், வயதானவர்களுக்குத் தெம்பு தருமென்று மகள் வாங்கி அனுப்பிய மால்ட் பானம். பிறந்து வளர்ந்த வீட்டில் தீபாவளிக்கும் விருந்துக்கும் மட்டுமே கோதுமையைக் கண்ட அவருக்கு, முதுமையில் அதுவும் பார்லியுமாக நாள்தோறும் மூன்று வேளை வயிற்றுக்குள் சென்றுகொண்டிருந்தன. அதில் ஐயப்பட எவருக்கும் எதுவுமில்லை. கோதுமை நல்ல உணவு; பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை.

ஒருநாள் மகள் தொலைபேசியில் அழைத்தார். நெடுநாளாகத் தமக்கிருந்த சோர்வுக்கும் வயிற்றுப்போக்குக்கும் காரணம் தெரிந்துவிட்டது என்றார். சீலியாக் என்னும் நோயாம். கோதுமை உடம்புக்கு ஆகாதாம். “அம்மா, பெத்தவங்களும் கூடப் பிறந்தவங்களும் கட்டாயம் இரத்தம் சோதிச்சுப் பாக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க” என்றார்.

“எனக்கு எதுக்குடி? நான் சோறு தின்னு வளர்ந்தவ. வடக்கத்தியாருக்கு வர்ற நோய் எனக்கு எப்படி வரும்?” என்று தாயார் கேட்டார்.

அந்தக் கேள்வி பொருளற்றதன்று. மருத்துவ உலகமே அதைக் கேட்டு, விடையும் தேடியிருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய குடல்நோய் வல்லுநர் பி.எஸ்.ராமகிருஷ்ணா, புதுடெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கோவிந்த் மகாரியா முதலியோர் இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பேரை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். வடக்கே நூற்றுக்கு 1.23 பேரின் இரத்தத்தில் சீலியாக் நோய்க்குரிய எதிர்ப்பொருள் இருந்தது. வடகிழக்கே 0.87. தெற்கே 0.10 மட்டுமே, அதாவது ஆயிரத்தில் ஒருவர். ஆனால் இந்நோய்க்கு இடங்கொடுக்கும் மரபுக்கூறு எத்தனை பேரிடம் உள்ளது என்று பார்த்தபோது, வடக்கே நூற்றுக்கு 38.1 பேர், தெற்கே 36.4 பேர் எனக் கிட்டத்தட்டச் சமமாகவே இருந்தது. பெரிதும் வேறுபட்டது உண்ணும் கோதுமையின் அளவு. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் உண்ண, தெற்கே 25 கிராம்தான்.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. தென்னாட்டார் இந்நோய்க்கு அப்பாற்பட்ட பிறவிகள் அல்லர். மூவரில் ஒருவருக்கு மேல் அந்த விதை உடம்பில் இருக்கிறது. விதை இருப்போர் எல்லோருக்கும் அது முளைப்பதில்லை. மிகச் சிலருக்கே முளைக்கிறது. கோதுமை குறைவாக உண்ணும் நாட்டில் அது இன்னும் அரிது. எனினும் குடும்பத்தில் ஒருவருக்கு நோய் உறுதியானால், அவருடைய பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோருக்கு அது இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் பல மடங்கு கூடுதல். மகளின் மருத்துவர் வற்புறுத்தியதற்குக் காரணம் அதுவே.

கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடும் பசைத்தன்மை வருகிறதே, அதைத் தருவது பசையம் என்னும் புரதம். ஆங்கில வழக்கில் குளூட்டன் என்பர். கோதுமை, வாற்கோதுமை எனப்படும் பார்லி, ரை ஆகிய தானியங்களில் இது உண்டு. மைதா, ரவை, சம்பா ரவை, சேமியா யாவும் கோதுமையின் பிள்ளைகளே. சீலியாக் உள்ளவரின் உடம்பு இப்புரதத்தைப் பகையாகக் கருதிப் போர் தொடுக்கிறது. அந்தப் போரில் அடிபடுவது சொந்தச் சிறுகுடல். சிறுகுடலின் உட்புறத்தில் கம்பளத்தின் இழைகளைப் போல நுண்ணிய விரல்கள் எண்ணற்றவை நிற்கின்றன. உண்ட உணவின் சத்தை உறிஞ்சி இரத்தத்தில் சேர்ப்பவை அவையே. போரில் அவை தேய்ந்து மழுங்கிவிட்டால், எவ்வளவு உண்டாலும் சத்துச் சேராது.

மூட்டுக்கும் குடலுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு இரண்டு வகையில் உண்டு. இரும்பு, சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் டி ஆகியவை குடலில் சரிவர உறிஞ்சப்படாததால் இரத்தம் குறைகிறது, எலும்பு மென்மையடைகிறது. எலும்பு மென்மையடைந்தால் இடுப்பிலும் காலிலும் ஆழ்ந்த வலி தோன்றும். தொடைத் தசையும் இடுப்புத் தசையும் வலுவிழக்கும். தரையிலிருந்து எழுவதும் படியேறுவதும் கடினமாகும். சுண்ணாம்புச்சத்துக் குறைவால் தசை இழுத்துப் பிடிக்கும். இது ஒரு வகை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி எழுப்பும் அழற்சி குடலோடு நில்லாமல் மூட்டுகளையும் தொட்டு வலிக்கச் செய்வது மற்றொரு வகை. வயிற்றுப்போக்கே இல்லாமல் இரத்தசோகையும் மூட்டு வலியுமாக மட்டும் இந்நோய் வெளிப்படுவதுண்டு. முதியோரிடம் இது எளிதில் கண்ணில் படாமல் போவதற்கும் அதுவே காரணம். எல்லாம் முதுமையின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது.

கோதுமைதான் குற்றவாளி என்பதை உலகம் அறிந்த வரலாறு உருக்கமானது. 1888இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இந்நோயைத் தெளிவாக விவரித்தார். உணவில்தான் தீர்வு உண்டென்றும் கருதினார். எந்த உணவு என்பது தெரியவில்லை. 1924இல் நியூயார்க்கின் சிட்னி ஹாஸ் நோயுற்ற குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட உணவு கொடுத்தார், குழந்தைகள் தேறினர். வாழைப்பழத்தின் மகிமை என்று எண்ணினார்கள். உண்மையில் வாழைப்பழம் வந்த இடத்தில் ரொட்டி இல்லாமற் போனதுதான் மருந்தாயிற்று. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, இரண்டாம் உலகப் போருக்கு முன்பிருந்தே கோதுமையின்மீது ஐயம் கொண்டிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் அந்நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்காமல் மக்கள் துலிப் பூச்செடியின் கிழங்கை உண்டனர். ஊரெல்லாம் குழந்தைகள் வாடிய அக்காலத்தில், சீலியாக் நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினர். மீண்டும் ரொட்டி வந்ததும் அவர்கள் நோயுற்றனர். 1950இல் தம் ஆய்வேட்டில் டிக்கே இதை நிறுவினார். ஊருக்கெல்லாம் அமுதமாவது ஒருவருக்கு மட்டும் நஞ்சாகலாம் என்பது ஒரு பஞ்சத்தின் வழியே தெரியவந்தது.

கப்பலூர் அம்மையாரின் வீட்டில் செய்தி பரவியதும், “கோதுமையை இன்னைக்கே நிறுத்திருங்க” என்றார் அடுத்த வீட்டுக்காரர். நல்லெண்ணத்தில் கூறிய அந்தச் சொல்லே இவ்விஷயத்தில் பலர் செய்யும் பிழை. சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்திவிட்டால் இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் குறையும். குடலும் ஆறத் தொடங்கும். நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும். ஆகவே வழக்கம்போல் உண்டுகொண்டே சோதனைக்குச் செல்ல வேண்டும். மகள் இதை முன்பே சொல்லியிருந்ததால் அம்மையார் நிறுத்தவில்லை.

மதுரையில் குடல்நோய் மருத்துவர் ஒருவரிடம் இருவரும் சென்றனர். திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்பொருள் என்னும் இரத்தச் சோதனை கணவருக்குச் சரியாக இருந்தது, அம்மையாருக்கு மிகுந்திருந்தது. பிறகு வாய் வழியே எண்டோஸ்கோப்பி செலுத்திச் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து சிறு திசு எடுத்துப் பார்த்தனர். விரல்கள் மழுங்கியிருந்தன. வைட்டமின் டி மிகக் குறைவு. எலும்பின் அடர்த்தியும் குறைவு. முழங்காலில் மட்டும் வயதுக்குரிய தேய்மானமும் இருந்தது. மருத்துவர் அதை ஒளிக்கவில்லை. “தேய்ந்தது திரும்ப வராது அம்மா. மற்றவை உணவால் சரியாகும். ஆனால் வாழ்நாள் முழுதும் கோதுமை ஒரு துகளும் கூடாது” என்றார்.

வீட்டுக்கு வந்து சமையலறையைப் பார்த்தபோதுதான் அந்தத் துகள் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்தது. சப்பாத்தியும் ரவையும் வெளிப்படையானவை. பார்லிக் கஞ்சியும் மால்ட் பானமும், மருந்தும் தெம்பும் என்று நம்பிக் குடித்தவை. கூட்டுப் பெருங்காயத்தில் மைதா சேர்க்கப்படுவதுண்டு என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. டப்பாவின் பின்புறம் எழுத்துக்கூட்டிப் படித்தபோது அதில் இருந்தது. சாம்பார், இரசம், புளியோதரை எனத் தினமும் கலந்துவந்த பொருள். அரிசி மாவும் கேழ்வரகு மாவும் அரைக்கும் மில்லில் அதே இயந்திரத்தில் முதலில் கோதுமை ஓடியிருக்கும். சப்பாத்தி சுட்ட கல்லிலேயே தோசையும் வார்த்திருக்கும். அரிசி மாவு வீட்டிலேயே அரைக்கப்பட்டது, தோசைக்கல் தனியானது, மைதா கலவாத பெருங்காயம் வந்தது. பசையம் நீங்கியது என்று அச்சிட்ட பொட்டலங்களில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் பசையம் இருக்கலாகாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. எனினும் அப்பொட்டலங்கள் அவருக்குப் பெரிதும் தேவைப்படவில்லை. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, எல்லாப் பருப்பும், எல்லாக் கிழங்கும், பாலும் பழமும் பசையம் அற்றவை. பேரையூர், கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசலில் விளையும் குதிரைவாலி அவருடைய பாட்டி வீட்டுச் சோறுதான். சர்க்கரை நோய்க்குச் சிறுதானியமானாலும் அளவு பார்த்தே உண்ண வேண்டும் என்று மட்டும் மருத்துவர் எச்சரித்திருந்தார்.

சமையலறை எளிதில் மாறியது. மனம்தான் மாற மறுத்தது. ஏகாதசிக்கு என்ன செய்வது? கோயிலில் ரவா கேசரி கொடுத்தால் என்ன செய்வது? பிரசாதத்தை வேண்டாமென்று சொல்ல நா எழுமா? முதல் ஏகாதசியன்று, “பெருமாளுக்காக ஒரு நாள் சாப்பிட்டா ஒன்னும் ஆகாது” என்று கோதுமை ரவையை அடுப்பில் ஏற்றிவிட்டார்.

கணவர் அடுப்பை அணைத்தார். அவர் அதிகம் பேசாதவர். “நாவுக்கரசருக்குச் சூலை வந்தப்ப மறைச்சா வச்சாரு? அக்காவுக்கு ஆள் விட்டுச் சொன்னாருல்ல. நீ பெருமாள்கிட்டயே மறைக்கப் பாக்குற” என்றார்.

அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு பாலும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டார். அடுத்த ஏகாதசிக்கு ஜவ்வரிசியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் என்று மருத்துவரிடம் கேட்டு அளவோடு அமைத்துக்கொண்டார். ஏகாதசியில் விலக்கச் சொன்னது அரிசியை. கோதுமையை உண்டே ஆக வேண்டும் என்று எந்த விரதமும் கட்டளையிடவில்லை. உடம்பைப் பேணுவது உள்ளே உறையும் இறைவனுக்குச் செய்யும் பணி என்பது திருமூலரின் திருமந்திரம் காட்டும் நெறி. உடம்புக்கு ஒத்ததை உண், ஒவ்வாததை விலக்கு என்பதற்கென்றே திருவள்ளுவர் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறார்.

பிரசாதத்துக்கும் வழி பிறந்தது. கேசரியோ கோதுமை அப்பமோ தந்தால், இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அருகிலுள்ள குழந்தையின் கையில் கொடுத்துவிடுவார். பிறகு கையைக் கழுவிக்கொள்வார். மறுப்பதும் இல்லை, உண்பதும் இல்லை. வாங்கியதால் அருளும் குறையவில்லை. கொடுத்ததால் ஒரு குழந்தையின் சிரிப்பும் கூடுதலாயிற்று. உண்ணத்தக்கவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தபோது அவருக்கே வியப்பு. சர்க்கரைப் பொங்கல், தயிர்ச் சோறு, சுண்டல், அரிசி மாவிளக்கு, வள்ளி மணாளனுக்கு உகந்த தேனும் தினைமாவும். அழகர்கோயிலின் புகழ்பெற்ற தோசையும் அரிசியும் உளுந்தும்தான். புளியோதரைக்கு மட்டும் பெருங்காயத்தைக் கேட்டறிய வேண்டியிருந்தது. மடைப்பள்ளியில் கேட்டபோது எவரும் முகம் சுளிக்கவில்லை. “எங்க அம்மாவுக்கும் ஒரு உணவு ஆகாதுங்க” என்று ஒருவர் கூறினார்.

இரண்டு மாதத்தில் இரவுப் பிடிப்பு அகன்றது. வைட்டமின் டியும் சுண்ணாம்புச்சத்தும் மருத்துவர் சொன்னபடி உட்கொண்டார். ஈராண்டாக ஏறாத இரத்த அளவு, அதே இரும்பு மாத்திரைக்கு ஏறத் தொடங்கியது. உறிஞ்சுவதற்கு இப்போது குடலில் இடம் இருந்தது. மணிக்கட்டு வலியும் தொடை வலியும் ஆறேழு மாதத்தில் பெரிதும் குறைந்தன. முதியோருக்குக் குடல் ஆற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். முழங்கால் வலி முழுதும் போகவில்லை, தேய்மானம் தேய்மானம்தான்.

இந்த வரலாற்றைப் படிக்கும் அன்பர்கள், தம் மூட்டு வலிக்கும் கோதுமையே காரணம் என்று இன்றே முடிவு கட்டிவிடலாகாது. முதியோரின் முழங்கால் வலியில் பெரும்பகுதி மூட்டுத் தேய்மானத்தால் வருவது. அவர்கள் கோதுமையை விட்டாலும் வலி நீங்காது. எவருக்கு இந்தச் சோதனை வேண்டும்? காரணம் தெரியாமல் இரத்தசோகை நீடித்து, மாத்திரைக்கும் ஏறாதவர்கள். வயதுக்கு மீறி எலும்பு மெலிந்தவர்கள். மூட்டு, தசை வலியோடு நெடுநாள் உப்புசமோ வயிற்றுப்போக்கோ எடைக் குறைவோ உள்ளவர்கள். குடும்பத்தில் ஒருவருக்குச் சீலியாக் உறுதியானவர்கள். இத்தகையோர் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்கலாம். முதுமையில் இரத்தசோகைக்குக் குடலில் இரத்தக் கசிவு போன்ற வேறு காரணங்களும் உண்டு. கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரையே வயிற்றைப் புண்ணாக்கி இரத்தம் கசியச் செய்யும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆதலால் தாமே மருத்துவராவது தகாது.

சோதனையில் சீலியாக் இல்லையென்று வந்தும், கோதுமை உண்டால் உப்புசமும் சோர்வும் மூட்டு, தசை வலியும் வருவதாக உணர்வோர் சிலர் உண்டு. அதையும் மருத்துவம் பொய்யென்று தள்ளுவதில்லை. சீலியாக் அல்லாத பசைய ஒவ்வாமை என்று குறிக்கிறது. அவர்களுக்கென்று தனி இரத்தச் சோதனை இல்லை. மருத்துவரின் மேற்பார்வையில் சில வாரம் நிறுத்தி, மீண்டும் உண்டு பார்த்தே அறிய வேண்டும். அவர்களுக்குக் குடல் சிதைவு இல்லாததால், துகளும் கூடாது என்னும் கடுமையும் வேண்டியதில்லை.

கப்பலூர் அம்மையார் மலைவலத்தை மீண்டும் முழுதாகத் தொடங்கவில்லை. முழங்கால் அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஆனால் சென்ற தைப்பூசத்தன்று திருப்பரங்குன்றத்துப் படிகளைத் தாமே ஏறினார். ஒவ்வொரு படியிலும் நின்று, பக்கத்துத் தூணைத் தொட்டுக்கொண்டு ஏறினார். கணவர் பின்னால் கைநீட்டியபடி வந்தார். அந்தக் கை தேவைப்படவில்லை. சந்நிதியில் நின்று நெடுநேரம் முருகனைப் பார்த்தார். கீழே இறங்கியதும் மகளைத் தொலைபேசியில் அழைத்து, “மேல போயிட்டு வந்துட்டேன்டி” என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.